டிஏடி மதிப்பெண் ஏன் குறைந்தது? மறுபடி விண்ணப்பிக்கும் முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தீர்கள், எங்கிருந்தும் இடம் கிடைக்கவில்லை, டிஏடி என்ற பல் மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் கீழே இழுத்துவிட்டது என்று தெரிகிறது, அடுத்த சுற்றுக்கு மறுபடி எழுதப் போகிறீர்கள். உங்களுக்காகத்தான் இது. இந்த இடத்தில் பலரும் முதலில் செய்வது இன்னொரு கேள்வி வங்கிக்குச் சந்தா கட்டுவது. அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். குறைந்த மதிப்பெண் என்பது ஒரே கோளாறு இல்லை. பாடம் தெரியாமல் இழந்த மதிப்பெண் வேறு, நேரம் தீர்ந்து கடைசிப் பத்துக் கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்து இழந்த மதிப்பெண் வேறு, பழகிய கேள்விகளையே திரும்பத் திரும்பப் போட்டுத் தயாராகிவிட்டோம் என்று நம்பியதால் இழந்தது இன்னும் வேறு. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் இரண்டாம் முறையும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும்.

இடையில் ஒன்று: இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்கா வந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தேர்வு தேவைப்படாது. அவர்களுக்கு ஐஎன்பிடிஇ என்ற பல் மருத்துவ வாரியத் தேர்வு, வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான கேப்பிட் தளம் வழியாக விண்ணப்பம் என்று தனிப் பாதை இருக்கிறது. கீழே வருவது கல்லூரிப் படிப்பிலிருந்து நேராகப் பல் மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு.

முதலில் மதிப்பெண் தாளை எடுத்து வையுங்கள்

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பகுதி எப்போது வருகிறது என்பதிலேயே பாதிக் காரணம் ஒளிந்திருக்கும். முதலில் இயற்கை அறிவியல்: 90 நிமிடம், 100 கேள்விகள், அதில் பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 30. அடுத்து பிஏடி, அதாவது உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் பகுதி: 60 நிமிடம், 90 கேள்விகள். அதன் பிறகு விரும்பினால் 30 நிமிட இடைவேளை. அப்புறம் ரீடிங்: 60 நிமிடம், மூன்று கட்டுரைகள், 50 கேள்விகள். கடைசியில் கணிதம்: 45 நிமிடம், 40 கேள்விகள்.

அகாடமிக் ஆவரேஜ் என்பது பயாலஜி, இரண்டு கெமிஸ்ட்ரி, ரீடிங், கணிதம் ஆகிய ஐந்தின் சராசரி. பிஏடி அதில் சேராது, தனியாக நிற்கும். சராசரியை ஏற்ற வேண்டியவர் தினமும் இரண்டு மணி நேரம் பிஏடி போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சராசரி ஒரு புள்ளிகூட நகராது. அதேபோல் பிஏடி பாதாளத்தில் இருந்தால் நல்ல சராசரி அதை மறைக்காது, சேர்க்கைக் குழு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கும்.

இன்னொரு விஷயம் அளவுகோல். 2025 மார்ச் 1 முதல் மதிப்பெண் 200-லிருந்து 600 வரை, பத்துப் பத்தாக ஏறும் அளவில் தரப்படுகிறது. அதற்கு முன் எழுதியவர்களுக்கு 1 முதல் 30 வரையிலான பழைய அளவு. பழைய தாளையும் புதிய பயிற்சித் தேர்வையும் ஒப்பிட வேண்டியிருந்தால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். தேர்வை நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், ஏடிஏ, ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டிருக்கிறது, அதைப் பாருங்கள்.

உண்மைத் தேர்வின் கேள்வித்தாள் உங்கள் கைக்கு வராது. அதனால் இதுவரை தொடாத ஒரு முழு நீளப் பயிற்சித் தேர்வை, முழு நேரக் கட்டுப்பாட்டோடு, ஒரே மூச்சில் எழுதுங்கள். பிறகு தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு காரணம் குறியுங்கள்: பாடமே தெரியாது, தெரியும் ஆனால் இரண்டு விஷயங்கள் குழம்பிவிட்டன, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், நேரம் இல்லை. ஊகித்துச் சரியாகப் போனவற்றையும் தவறு என்றே எண்ணுங்கள், இதில் மட்டும் கறாராக இருங்கள். இந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எதுவும் உங்களுக்குப் பெரிதாக உதவாது.

அறிகுறி: பயாலஜி நன்றாக இருக்கிறது, ஆர்கானிக் மட்டும் விழுந்துவிட்டது

உடனே ஆர்கானிக் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அந்த 90 நிமிடத்தை எப்படிச் செலவழித்தீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். நூறு கேள்விகளும் ஒரே கடிகாரத்தின் கீழ் வருகின்றன, பாடத்துக்குப் பாடம் தனி நேரம் கிடையாது, ஆர்கானிக் வரிசையில் கடைசி. பயாலஜியில் 40 நிமிடம், ஜெனரல் கெமிஸ்ட்ரி கணக்குகளில் 38 நிமிடம் போய்விட்டால் ஆர்கானிக்குக் கிடைப்பது 12 நிமிடம். அது ஆர்கானிக் தெரியாததால் வந்த மதிப்பெண் இல்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஆர்கானிக் கேள்விகள் 30-ஐ மட்டும் தனியாக எடுத்து 30 நிமிடம் வைத்துப் போடுங்கள். மதிப்பெண் சட்டென்று ஏறினால் உங்கள் பிரச்சினை நேரப் பங்கீடு. பயாலஜியை 25 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். தெரிந்தால் குறி, தெரியாவிட்டால் ஏதோ ஒன்றைக் குறித்து அடையாளம் போட்டு நகர்ந்துவிடு. பயாலஜியில் யோசித்துக் கண்டுபிடிக்கும் கேள்விகள் குறைவு, இரண்டு நிமிடம் முறைத்துப் பார்த்தாலும் தெரியாத தாவரத் திசு ஞாபகத்துக்கு வந்துவிடாது. மிச்சமாகும் நிமிடங்கள் கெமிஸ்ட்ரிக்குப் போகட்டும், அங்கேதான் யோசித்தால் விடை வரும். அந்தப் பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம் என்பதால், கணக்கில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் பயாலஜி முடிந்ததும் ஆர்கானிக்குத் தாவி, அதை முடித்துவிட்டு ஜெனரல் கெமிஸ்ட்ரிக்குத் திரும்புவதையும் பயிற்சித் தேர்வில் முயன்று பார்க்கலாம்.

தனியாகப் போட்டும் மதிப்பெண் ஏறவில்லையா? அப்படியானால் உண்மையிலேயே ஆர்கானிக்தான். பெரும்பாலும் காரணம், வினைகளைத் தனித்தனி அட்டைகளாக மனப்பாடம் செய்தது. தேர்வு கேட்பது வினையை இல்லை, முடிவெடுப்பதை. ஓர் இரண்டாம் நிலை ஆல்கைல் புரோமைடை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் சோடியம் அசைடு சேர்த்தால் எஸ்என்2, அதாவது பதிலீட்டு வினை. சோடியம் எத்தாக்சைடு சேர்த்துச் சூடுபடுத்தினால் பெருமளவு இ2, அதாவது நீக்க வினை. டெர்ட் பியூட்டாக்சைடு போன்ற பருத்த காரம் என்றால் குறைவாகப் பதிலீடு செய்யப்பட்ட ஆல்கீன் பக்கம் சாயும். வலுவான எதுவும் இல்லாமல் தண்ணீரோ ஆல்கஹாலோ மட்டும் இருந்தால் எஸ்என்1-உம் இ1-உம் கலந்து வரும். மூலப்பொருள் ஒன்றேதான், மற்றவை மாற மாறப் பதில் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு கேள்வியிலும் எந்த நிலைக் கார்பன், வந்திருப்பது நல்ல நியூக்ளியோஃபைலா வலுவான காரமா, கரைப்பான் என்ன, சூடு உண்டா என்று அதே ஒழுங்கில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். ஸ்டீரியோகெமிஸ்ட்ரிக்குக் கையில் மாதிரி உருண்டைகளை வைத்துச் சில நாள் திருப்பிப் பாருங்கள், ஆர் எஸ் குறிப்பதில் உள்ள தடுமாற்றம் வெகுவாகக் குறையும். ஐஆர், என்எம்ஆர் நிறமாலைப் பகுதிக்கு அதிகம் தேவையில்லை, 1700-ஐ ஒட்டிய கார்போனைல், 3300-ஐ ஒட்டிய அகன்ற ஓஹெச் என்று முக்கியமான சிலவற்றைத் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: ஜெனரல் கெமிஸ்ட்ரி சூத்திரம் எல்லாம் தெரியும், ஆனாலும் நேரம் போதவில்லை

இங்கே கால்குலேட்டர் கிடையாது, அது கணிதப் பகுதிக்கு மட்டும்தான். வீட்டில் கால்குலேட்டரோடு பயிற்சி செய்தவர்கள் இங்கே திணறுவது இயல்பு. இன்றைக்கே அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

லாகரிதத்தில் இரண்டு எண்கள் போதும்: 2-க்கு 0.3, 3-க்கு 0.48. இவற்றிலிருந்து 4-க்கு 0.6, 5-க்கு 0.7, 6-க்கு 0.78, 8-க்கு 0.9 என்று எல்லாம் வந்துவிடும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 4 பெருக்கல் 10-இன் மைனஸ் 5 அடுக்கு என்றால் பிஹெச் 5-லிருந்து 0.6-ஐக் கழித்து 4.4. விடைகள் 3.4, 4.4, 5.4, 5.6 என்று இருக்கும்போது இவ்வளவு துல்லியம்கூடத் தேவையில்லை, பிஹெச் 4-க்கும் 5-க்கும் நடுவில் என்று தெரிந்தாலே முடிந்தது. 0.48-ஐ 22.4-ஆல் பெருக்க வேண்டுமா? பாதி என்று எடுத்து 11.2, அதைவிடக் கொஞ்சம் கம்மி. நகருங்கள். சில விடைகள் எண்ணாக இல்லாமல், பெருக்கல் வகுத்தலோடு கோவையாகவே கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் கணக்குப் போட ஆரம்பிப்பதே வீண், அலகுகள் சரியாக வெட்டுப்படுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: பயாலஜி எவ்வளவு படித்தாலும் அங்கேயே நிற்கிறது

இது ஆழமாகப் படிக்கிறவர்களுக்கு வரும் கோளாறு. கல்லூரியில் உயிர்வேதியியல், செல் உயிரியல் என்று நன்றாகப் படித்தவர்களைத்தான் இது அதிகம் வாட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிரெப்ஸ் சுழற்சியின் ஒவ்வொரு நொதியும் தெரியும், ஆனால் முட்தோலிகள் எந்தச் சமச்சீர் கொண்டவை, கருவின் எந்த அடுக்கிலிருந்து நரம்பு மண்டலம் வருகிறது, சூழலியலில் முதல்நிலை வழிமுறை வளர்ச்சிக்கும் இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் தடுமாற்றம். டிஏடி பயாலஜி அகலம் அதிகம், ஆழம் குறைவு. 40 கேள்விகள் செல், மரபியல், உடல் மண்டலங்கள், உயிரினப் பன்மை, பரிணாமம், சூழலியல், விலங்கு நடத்தை என்று சிதறி வரும்.

உங்கள் பிழைத் தாளில் "பாடமே தெரியாது" என்ற குறி எந்தத் தலைப்புகளில் கூட்டமாக இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக நீங்கள் சலிப்பாக நினைத்துத் தள்ளிய தலைப்புகளாகத்தான் இருக்கும், தாவரங்கள், வகைப்பாடு, கருவளர்ச்சி இந்த மூன்றும் வழக்கமான சந்தேக நபர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே தெரிந்த அத்தியாயத்தை மறுபடி படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், மதிப்பெண்ணுக்கு ஒன்றும் செய்யாது. இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் ஆங்கி போன்ற அட்டைகள் இதற்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் தினமும் பார்த்தால்தான். நான்கு நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் ஆயிரம் அட்டை புரட்டுவதில் பயனில்லை. வேறு யாரோ செய்த அட்டைத் தொகுப்பைவிட, நீங்கள் தவறவிட்ட கேள்வியிலிருந்து நீங்களே எழுதிய அட்டைதான் மனத்தில் ஒட்டும்.

அறிகுறி: பிஏடி மொத்தமாகக் குறைவு

மொத்தம் என்று ஒன்று இதில் இல்லை. பிஏடி-க்குள் ஆறு வகை, வகைக்கு 15 கேள்விகள்: துளைக்குள் பொருளை நுழைப்பது, மேல் முன் பக்கத் தோற்றங்கள், கோணங்களை வரிசைப்படுத்துவது, தாளை மடித்துத் துளையிடுவது, கனசதுரம் எண்ணுவது, விரித்த தாளை மடித்து உருவமாக்குவது. ஒவ்வொன்றிலும் 15-க்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதினால்தான் நிலவரம் தெரியும்.

கனசதுரம் எண்ணுவதிலும் தாள் மடிப்பதிலும் 15-க்கு 13-க்குக் கீழே வருகிறதென்றால் சந்தோஷப்படுங்கள், சீக்கிரம் சரியாகும் இடம் அது. இரண்டிலும் திறமையைவிட முறைதான் முக்கியம். கனசதுரத்தில், அடுக்கின் தரையைத் தொடும் அடிப்பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கமும் வண்ணம் பூசப்பட்டதாகக் கொள்ள வேண்டும். ஆகவே ஒரு கனசதுரத்துக்கு அதிகபட்சம் ஐந்து பக்கம். படத்தைப் பார்த்ததும் கேள்வியைப் படிக்காதீர்கள், 0 முதல் 5 வரை ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு கனசதுரத்தையும் அதன் கட்டத்தில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள், மேலே இருப்பதைத் தாங்குவதற்காக மறைவில் இருப்பவற்றையும் சேர்த்து. கோடுகளின் கூட்டுத்தொகை மொத்தக் கனசதுரங்களோடு ஒத்துப்போனால் அந்தப் படத்தைச் சார்ந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தயார். தாள் மடிப்பில் நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து, கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக விரித்து, துளை எங்கே பிரதிபலிக்கிறது என்று குறியுங்கள். மனத்திலேயே விரித்துப் பார்க்க முயல்வதுதான் இங்கே நேரத்தைத் தின்கிறது.

கோணம் வேறு மாதிரி. நான்கு கோணங்களையும் வரிசைப்படுத்த முயலாமல், மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று முடிவு செய்து அதற்குப் பொருந்தாத விடைகளை அடியுங்கள். முறைத்துப் பார்க்கப் பார்க்கக் கண் குழம்பும், முதல் பார்வையை நம்பலாம். தினமும் பத்து நிமிடம், இடைவிடாமல் சில வாரம், அவ்வளவுதான் இதற்கு வழி. கோடுகளின் நீளம் கண்ணை ஏமாற்றும், கோணத்தின் முனையை மட்டும் பார்க்கப் பழகுங்கள்.

துளைக் கேள்வியில் பொருளை நுழைக்கும் முன் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், நுழைத்த பிறகு திருப்பக் கூடாது. எனவே மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று நிழலுருவங்களைத் தேடுங்கள், அளவு விகிதம் பொருந்தாதவற்றை முதலிலேயே விலக்குங்கள். தோற்றக் கேள்விகளில் மேல் தோற்றத்தின் அகலமும் முன் தோற்றத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், முன் தோற்றத்தின் உயரமும் பக்கத் தோற்றத்தின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மறைந்திருக்கும் விளிம்பு புள்ளிக்கோடு. இந்த மூன்று விதியை வைத்துக்கொண்டே பல விடைகளைத் தள்ளிவிடலாம்.

வேகம் இல்லை என்பதுதான் பிரச்சினையா? கேள்விக்கு 40 நொடி. வரிசைப்படி போக வேண்டிய கட்டாயம் இல்லை, 90 கேள்விகளுக்குள் எங்கு வேண்டுமானாலும் தாவலாம். முதலில் வரும் துளைக் கேள்விகளிலேயே பலர் 15 நிமிடத்தை இழந்துவிட்டு, கடைசியில் கையில் வந்திருக்கக்கூடிய கனசதுர மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். உங்களுக்கு உறுதியாக வரும் வகையிலிருந்து ஆரம்பியுங்கள், ஆனால் அந்த வரிசையைத் தேர்வு அறையில் முதல்முறையாக முயலாதீர்கள்.

அறிகுறி: ரீடிங்கில் முதல் கட்டுரை சரி, மூன்றாவது அடியோடு போய்விடுகிறது

கட்டுரைக்கு 20 நிமிடம் என்ற எல்லையை நீங்கள் மதிக்கவில்லை என்று அர்த்தம். கடிகாரம் மீதி 40 நிமிடம் காட்டும்போது முதல் கட்டுரையை விட வேண்டும், 20 காட்டும்போது இரண்டாவதை. மிச்சமிருக்கும் ஓரிரு கேள்விக்கு ஏதாவது குறித்துவிட்டு நகர வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் டிஏடி-யின் எந்தப் பகுதியிலும் காலியாக விடுவதற்கு நியாயமே இல்லை.

நேரம் மிச்சமிருந்தும் தவறாகிறது என்றால் அது வேறு நோய். கட்டுரைகள் அறிவியல் சார்ந்தவை, நீங்களும் அறிவியல் மாணவர், அதனால் கட்டுரை சொல்லாததை உங்கள் அறிவிலிருந்து நிரப்பிக்கொண்டு பதில் குறிக்கிறீர்கள். ஒவ்வொரு விடைக்கும் கட்டுரையில் எந்தப் பத்தி என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா என்று பயிற்சியின்போது உங்களைக் கேளுங்கள். முடியாவிட்டால் அது ஊகம். ஒரு கூற்றும் அதற்கொரு காரணமும் கொடுத்து இரண்டும் சரியா, தொடர்பு உண்டா என்று கேட்கும் வகையில் இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டு, கடைசியாகத்தான் தொடர்பைப் பார்க்க வேண்டும்.

முழுக் கட்டுரையையும் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவதா, கேள்வியைப் பார்த்துவிட்டுக் கட்டுரையில் தேடுவதா என்று முடிவில்லாமல் விவாதம் நடக்கும். என் கருத்து: விவரம் கேட்கும் கேள்விகளுக்குத் தேடுவது வேகமாக இருக்கும், ஆசிரியரின் தொனி, மையக் கருத்து கேட்பவற்றில் தேடுகிறவர்கள் தோற்பார்கள். ஒவ்வொரு பத்தியையும் ஓட்டமாகப் படித்து இரண்டு மூன்று சொல்லில் குறிப்பெடுத்துவிட்டுப் போவது இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். ஆங்கிலத்தில் நீளமாகப் படிப்பதே களைப்பாக இருக்கிறதென்றால் எந்த உத்தியும் போதாது, இரண்டு மூன்று மாதம் தினமும் அடர்த்தியான அறிவியல் கட்டுரைகளைத் திரையில் படியுங்கள். இது மெதுவாகத்தான் ஏறும், அதனால் முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை.

அறிகுறி: வீட்டில் கணிதம் நன்றாக வருகிறது, தேர்வில் வரவில்லை

கணிதம் கடைசியில் வருகிறது, அதற்குள் மூளை மூன்றரை மணி நேரம் உழைத்திருக்கிறது. வீட்டில் காலையில் புத்துணர்ச்சியோடு போட்ட கணிதத்தை இதோடு ஒப்பிடவே முடியாது. இனிமேல் கணிதப் பயிற்சியை நாளின் கடைசியில், ரீடிங் முடித்த கையோடு செய்யுங்கள்.

திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸ் வைத்து அழுத்துவது மெதுவாகத்தான் போகும், கேள்விக்கு 67 நொடிதான் என்பதால் தேவையான இடத்தில் மட்டும் திறங்கள். எந்தக் கேள்வியில் கணக்கே போடக் கூடாது என்று தெரிவது அதைவிட முக்கியம். எக்ஸ் வர்க்கம் பெரிதா, எக்ஸ் பெரிதா என்று ஒப்பிடச் சொன்னால் 2 போட்டுப் பாருங்கள், அரை போட்டுப் பாருங்கள், இரண்டு வேறு பதில் வந்துவிட்டால் தீர்மானிக்க முடியாது என்பதே விடை. எக்ஸின் மதிப்பு தெரியுமா என்று கேட்டு, ஒரு கூற்று அதன் வர்க்கம் 9 என்கிறது, இன்னொன்று அது பூஜ்ஜியத்தைவிடச் சிறியது என்கிறது. தனித்தனியாக எதுவும் போதாது, சேர்ந்தால் போதும். மைனஸ் 3 என்று கண்டுபிடித்துவிட்டுத் திருப்திப்படுவது அல்ல வேலை, போதுமா போதாதா என்பதோடு நிறுத்துவது. போகும்போது 60, வரும்போது 40 என்றால் சராசரி வேகம் 48, 50 இல்லை என்பதுபோல் திரும்பத் திரும்ப வரும் பொறிகளையும் ஒரு தாளில் சேர்த்து வையுங்கள்.

அறிகுறி: பயிற்சித் தேர்வுகளில் உயர்வு, உண்மைத் தேர்வில் எல்லாப் பகுதியும் கீழே

முதல் சந்தேகம் கேள்விகள் ஏற்கெனவே பார்த்தவையா என்பது. இரண்டாம் முறை தயாராகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து, முதல் முறை போட்ட அதே வங்கியில் அதே கேள்விகளைப் போட்டால் விடை ஞாபகத்திலிருந்து வரும், அறிவிலிருந்து வராது. டிஏடி பூட்கேம்ப் என்ற கேள்வி வங்கியைப் பயன்படுத்தியவர் இந்த முறை டிஏடி பூஸ்டர் என்ற இன்னொன்றுக்கு மாறலாம், அல்லது மறுபக்கம். ஏடிஏ விற்கும் அதிகாரபூர்வப் பயிற்சித் தேர்வைக் கடைசி வாரங்களுக்கென்று தொடாமல் வைத்திருங்கள்.

இரண்டாவது, சூழ்நிலை. தேர்வு நடக்கும் ப்ரோமெட்ரிக் மையத்தில் காகிதமும் பென்சிலும் கிடையாது. எழுதித் துடைக்க முடியாத மார்க்கரும் வழவழப்பான குறிப்புப் பலகையும் கொடுப்பார்கள். கனசதுர அட்டவணையைத் தாளில் பழகிவிட்டு அங்கே மார்க்கரால் வரையும்போது வேகம் நிச்சயம் குறையும். அதேபோன்ற பலகையும் மெல்லிய முனை மார்க்கரும் வாங்கி, கடைசி மாதம் முழுக்க அதிலேயே போடுங்கள். முழுத் தேர்வை உண்மைத் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில் தொடங்குங்கள், இடைவேளையையும் அதே இடத்தில் எடுங்கள்.

மூன்றாவது, பதற்றம். முழுத் தேர்வுகளை நிறைய எழுதினால் ஓரளவு தணியும். ஆனால் கவனக் குறைபாடோ வாசிப்புக் குறைபாடோ மருத்துவர் உறுதி செய்த நிலையில் உங்களுக்கு இருந்தால், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளை ஏடிஏ-விடம் ஆவணங்களோடு கேட்கலாம். தேர்வுத் தேதி பதிவு செய்யும் முன்பே கேட்க வேண்டும். தகுதி இருந்தும் கூச்சத்தில் கேட்காமல் விடுவது தேவையில்லாத இழப்பு.

அறிகுறி: ஐந்து பாடமும் ஒரே மாதிரி குறைவு, பயிற்சியிலும் அப்படித்தான்

இங்கே உத்தி எதுவும் வேலை செய்யாது. அடித்தளம் போடவில்லை, அல்லது ஆர்கானிக் இரண்டாம் பருவம் முடியும் முன்பே தேர்வுக்குப் போய்விட்டீர்கள். கேள்வி வங்கியை மூடிவிட்டு ஆறு முதல் எட்டு வாரம் பாடத்தையே படியுங்கள். கேள்வி போட்டுப் போட்டே பாடம் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், பாதி தெரிந்தவர்களுக்கு அது சரி, அடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்குச் சரிவராது. முழு நேர வேலையோ கனமான பருவமோ பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் காலக்கெடுவை நீட்டுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

எப்போது மறுபடி எழுதுவது

இரண்டு முயற்சிகளுக்கு நடுவில் குறைந்தது 60 நாள் இடைவெளி வேண்டும். அது விதி, ஆனால் 61-ஆம் நாள் எழுதுங்கள் என்ற ஆலோசனை இல்லை. மூன்று முறை எழுதிவிட்டால் அடுத்ததற்குக் கெடுபிடி கூடும், அந்த ஆண்டின் வழிகாட்டிக் குறிப்பேட்டைப் படித்துவிட்டே பதிவு செய்யுங்கள். பழைய முயற்சிகளை மறைக்க முடியாது, கல்லூரிகளுக்குத் தெரியும். அதனால் சும்மா எழுதிப் பார்க்கலாம் என்ற முயற்சி வேண்டாம். கடைசியாக எழுதிய, முன்பு பார்க்காத இரண்டு மூன்று முழுத் தேர்வுகளும் நீங்கள் குறிவைக்கும் எண்ணைத் தொட்டிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் தேதியைத் தள்ளுங்கள்.

ஆட்சாஸ், அதாவது அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம், மே மாதம் திறந்து, ஜூன் தொடக்கத்தில் அனுப்பத் தொடங்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் வந்த வரிசையில் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கின்றன, ஆகவே ஏப்ரல், மே வாக்கில் தேர்வு முடிந்திருப்பது நல்லது. டெக்சாஸ் கல்லூரிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி விண்ணப்பம், அதன் தேதிகளைத் தனியாகப் பாருங்கள். டிஏடி எழுதும் முன்பே ஆட்சாஸ் அனுப்பலாம், மதிப்பெண் பிறகு வந்து சேரும், ஆனால் பல கல்லூரிகள் மதிப்பெண் வரும்வரை கோப்பைத் திறக்காது. செப்டம்பரில் கிடைக்கும் உயர்ந்த மதிப்பெண், மே மாதத்தில் கிடைக்கும் அதே மதிப்பெண்ணுக்கு ஈடாகாது. கோடையில்தான் தயாராக முடியும் என்ற நிலை என்றால் அடுத்த ஆண்டுச் சுற்றுக்குத் தள்ளுவதையும் நிதானமாக யோசியுங்கள்.

அறிகுறி: டிஏடி உண்மையிலேயே குறைவில்லை, ஆனாலும் நிராகரிப்பு

நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகள் வெளியிடும் சேர்ந்த மாணவர்களின் சராசரியோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். அதற்குப் பக்கத்திலோ மேலேயோ இருந்தால் மறுபடி டிஏடி எழுதுவது தவறான இடத்தில் தோண்டுவது. சுற்று முடிந்த பிறகு பல கல்லூரிகள் நிராகரித்தவர்களுக்குக் காரணம் சொல்கின்றன, மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், கேட்பதால் உங்கள் பெயருக்கு எந்தக் குறையும் வராது. அறிவியல் ஜிபிஏ குறைவு என்று சொன்னால் கூடுதல் பாடங்களோ முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்போ எடுக்க வேண்டியிருக்கும். ஒரே பாடத்தை மறுபடி எடுத்தாலும் ஆட்சாஸ் பழைய கிரேடை அழிக்காது, இரண்டையும் சேர்த்தே கணக்கிடும் என்பதை நினைவில் வையுங்கள். பல் மருத்துவரின் அருகில் இருந்து கவனித்த நேரம் போதவில்லை, விண்ணப்பம் அக்டோபரில்தான் போய்ச் சேர்ந்தது, உங்கள் விண்ணப்பங்களில் அறுபது சதவீதத்தை வெளிமாநிலத்தவரை எடுக்காத அரசுக் கல்லூரிகளுக்கே போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாமும் காரணமாக இருக்கலாம்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது பழைய கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள், உங்கள் முந்தைய விண்ணப்பம் அவர்களிடம் இருக்கும். மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், நேர்காணலில் கேட்டால், எந்தப் பகுதியில் எதனால் குறைந்தது, எதை மாற்றினீர்கள், இப்போது எண் என்ன என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். மேலே சொன்ன பிழைத் தாளை வைத்திருந்தால் அந்த இரண்டு வாக்கியமும் தயாராகவே இருக்கும்.